கருமணலில் காந்தம் ஒட்டுகிறது, கடலில் ஏன் இரும்பு இல்லை?

இந்தியப் பெருங்கடலில் உள்ள நம் ரீயூனியன் தீவின் சேன் பெனுவாவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எரிமலைக் குழம்பில் இரும்பு நிறைய உண்டு, இரும்பு கடல் பாசிக்கு உரம் என்கிறார்கள். அப்படியானால் 2007இல் குழம்பு கடலில் விழுந்தபோது நம் தீவைச் சுற்றிப் பாசி பொங்கியிருக்க வேண்டாமா? கடல் இன்னும் கண்ணாடி மாதிரித்தானே கிடக்கிறது? இயற்கையில் இரும்பு கடலுக்கு எப்படித்தான் போய்ச் சேருகிறது? நாமே கொட்டினால் என்ன?"

நல்ல கேள்வி தம்பி. நான் காரைக்காலிலிருந்து இங்கே வந்து பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன். கடல் ஆராய்ச்சியாளன் இல்லை. ஆனால் இந்தக் கேள்வி என்னைப் பல வருடமாகப் பிடித்து ஆட்டிக்கொண்டிருப்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் எத்தான் சாலே கடற்கரைக்கு வாருங்கள். அங்கே மணல் கறுப்பு. வெயிலில் செருப்பில்லாமல் நடக்க முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகன், அப்போது எட்டு வயது, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டும் காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். அதை மணலில் இழுத்தான். எடுத்துப் பார்த்தால் முள்ளம்பன்றி மாதிரி கறுப்புத் துகள்கள் சிலிர்த்துக்கொண்டு நிற்கின்றன. மேக்னடைட், இரும்புத் தாது. "அப்பா, இங்கே இவ்வளவு இரும்பு இருக்கே, கடல் ஏன் துரு கலரில் இல்லை?" என்றான். உங்கள் கேள்வியும் ஏறக்குறைய அதேதான்.

இரும்பு இருப்பது வேறு, கிடைப்பது வேறு. நம் வீட்டுப் பெண்களுக்கு இது தெரியும். முருங்கைக்கீரையில் (இங்கே கிரியோலில் 'ப்ரேத் முரூங்' என்று நம் சொல்லையே வைத்துக்கொண்டிருக்கிறார்கள்) இரும்பு உண்டு. ஆனால் சாப்பிட்ட கையோடு கெட்டியாக ஒரு டீ குடித்தால் அந்த இரும்பில் பெரும்பகுதி உடம்பில் சேராது. எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டால் கூடுதலாகச் சேரும். கீரை அதே கீரைதான். கடலின் கதையும் இப்படித்தான் போகிறது.

பூமியின் மேலோட்டின் எடையில் இரும்பு சுமார் 5 விழுக்காடு. ஆக்சிஜன், சிலிக்கான், அலுமினியத்துக்கு அடுத்து நான்காவது இடம். ஆனால் நடுக்கடலின் மேல்மட்ட நீரில் கரைந்திருக்கும் இரும்பை அளந்தால் லிட்டருக்கு ஒரு கிராமில் நூறு கோடியில் ஐந்தாறு பங்கு தேறினால் அதிகம். இந்த எண் மனதில் நிற்காது. வேறு மாதிரி சொல்கிறேன். ஐம்பது மீட்டர் நீச்சல் குளம் ஒன்றில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள தென் கடலின் நீரை அதில் நிரப்பினால், குளம் முழுவதற்கும் சேர்த்து 14 மில்லிகிராம் இரும்பு இருக்கும். ஊரில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சத்து மாத்திரை ஒன்றில் இருக்கும் இரும்பு 60 மில்லிகிராம். ஒரு மாத்திரை, நான்கு நீச்சல் குளம்.

ஏன் இப்படி? சமையலறையில் பார்த்துவிடலாம். இரண்டு கண்ணாடி டம்ளர் எடுங்கள். ஒன்றில் உப்புத் தண்ணீர், இன்னொன்றில் புளிக்கரைசல். இரண்டிலும் ஒவ்வொரு இரும்பு ஆணி போடுங்கள். முலாம் பூசாத ஆணியாக இருக்கட்டும். நாலைந்து நாள் விடுங்கள். உப்புத் தண்ணீரில் செம்பழுப்பாகத் துரு உதிர்ந்து அடியில் மண்டியாகப் படிந்திருக்கும், மேலே தண்ணீர் தெளிவு. புளிக்கரைசலில் மண்டி இருக்காது. நீரே கறுத்துப் போயிருக்கும். இரும்புச் சட்டியில் வைத்த புளிக்குழம்பு கறுக்கிறதே, அதே சமாச்சாரம்.

ஆக்சிஜன் உள்ள நீரில் இரும்பு தங்காது. கரைந்த நிலையில் வந்தாலும் வெதுவெதுப்பான கடலில் சில நிமிடங்களுக்குள் துருவாக மாறி, துகளாகத் திரண்டு, கீழே போய்விடும். சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கும்வரை கடலில் இரும்பு தாராளமாகக் கரைந்திருந்தது. ஒளிச்சேர்க்கை செய்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை வெளியே விட்டன, அந்த ஆக்சிஜன் அவற்றுக்கே வேண்டிய இரும்பைக் கடலடியில் தள்ளிவிட்டது. அப்படிப் படிந்த அடுக்குப் பாறைகளைத்தான் இன்று உலகம் முழுக்க இரும்புச் சுரங்கமாக வெட்டிக்கொண்டிருக்கிறோம். தன் சோற்றில் தானே மண்ணைப் போட்டுக்கொண்ட கதை.

கடலில் புளியின் வேலையைச் செய்பவை பாக்டீரியாவும் பாசியும் வெளியே விடும் கரிமப் பொருள்கள். அவற்றில் சிடரோஃபோர் என்று ஒரு வகை இருக்கிறது, இரும்பு அணுவை நண்டு மாதிரிக் கவ்விக்கொள்ளும். கடலில் கரைந்திருக்கும் இரும்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் இப்படி ஏதாவது ஒன்றின் பிடியில்தான் இருக்கிறது. பிடி இல்லாத இரும்பு மூழ்கிவிடும்.

சரி, பைட்டோபிளாங்க்டனுக்கு, அதாவது கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கும் நுண்பாசிக்கு, இரும்பு எதற்கு? பச்சையத்தின் நடுவில் இருப்பது மக்னீசியம், இரும்பு அல்ல. பலர் இங்கே குழப்பிக்கொள்கிறார்கள். பச்சையத்தைத் தயாரிக்க இரும்பு வேண்டும். ஒளியைப் பிடித்த பிறகு எலக்ட்ரானைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோகும் புரதங்களிலும் இரும்புதான் உட்கார்ந்திருக்கிறது. ஒளித்தொகுதி ஒன்று எனப்படும் அமைப்பில் மட்டும் 12 இரும்பு அணுக்கள். நைட்ரேட்டைச் செரித்துப் புரதமாக்கவும் இரும்பு வேண்டும். தேவை மிகச் சிறியது: பஞ்சத்துக்குப் பழகிய பாசி ஒரு லட்சம் கரி அணுவுக்கு ஓர் இரும்பு அணு இருந்தாலும் சமாளித்துவிடும். அந்த ஒன்று கிடைக்காவிட்டால் மற்ற லட்சமும் சேராது. சாம்பாருக்கு எல்லாம் இருக்கிறது, உப்பு மட்டும் இல்லை என்பது போல.

உலகக் கடலில் மூன்றில் ஒரு பங்கு இந்த நிலையில்தான் கிடக்கிறது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிச்சம், பாசி மட்டும் கம்மி. அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள தென் கடல், நடுப் பசிபிக், வட பசிபிக். இரும்புதான் காரணமோ என்று 1930களிலேயே நார்வேக்காரர் கிரான் சந்தேகப்பட்டார். நிரூபிக்கத்தான் ஐம்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. காரணம் வேடிக்கையானது. கப்பலே இரும்பு, வடம் இரும்பு, ராட்டினம் இரும்பு. எந்தத் தண்ணீரை மொண்டாலும் அதில் கப்பலின் துரு விழுந்துவிடும். அளந்தது கடலை அல்ல, கப்பலை.

லெ போர் துறைமுகத்தில் ஒருமுறை மாணவர்களோடு ஓர் ஆராய்ச்சிக் கப்பலைப் பார்க்கப் போனேன். இரும்பு அளக்கும் பகுதியை மேல்தளத்தில் பிளாஸ்டிக் தாள் போர்த்தித் தனிக் கூண்டாக வைத்திருந்தார்கள். உள்ளே வடிகட்டிய காற்று, தலைக்கு உறை, இரட்டைக் கையுறை. தண்ணீர் மொள்ளும் குழாய்கள் பிளாஸ்டிக், அவற்றை இறக்கும் கயிறு கெவ்லார் எனும் செயற்கை இழை. நான் எட்டிப் பார்க்கப் போனபோது அங்கே இருந்த பெண், "ஐயா, அந்தச் சாவிக்கொத்தை வெளியே வைத்துவிட்டு வாருங்கள்" என்றார். என் வீட்டுச் சாவி அவருடைய மூன்று வாரக் கடல் வேலையைக் கெடுத்துவிடும். அன்றைக்குத்தான் அந்த 14 மில்லிகிராம் எனக்கு நிஜமாகவே புரிந்தது.

இந்தச் சுத்தத்தைப் பிடிவாதமாகக் கடைப்பிடித்துக் கணக்கைச் சரிசெய்தவர் கலிஃபோர்னியாவின் மாஸ் லேண்டிங் ஆய்வகத்தின் ஜான் மார்ட்டின். 1988இல் வட பசிபிக் நீரைப் புட்டியில் எடுத்து, துளி இரும்பு சேர்த்து, பாசி வளர்வதைக் காட்டினார். அதே வருடம் ஒரு கூட்டத்தில், "அரைக் கப்பல் இரும்பு கொடுங்கள், உங்களுக்கு ஒரு பனியுகம் தருகிறேன்" என்று கிண்டலாகச் சொன்னார். கிண்டலுக்குள் விஷயம் இருந்தது. பனியுகத்தில் பூமி வறண்டு கிடந்தது, காற்றில் தூசி அதிகம், அண்டார்டிகப் பனிக்கட்டியில் அது பதிவாகியிருக்கிறது. அந்தத் தூசியின் இரும்பு தென் கடல் பாசியை வளர்த்து, காற்றின் கரியமில வாயுவில் ஒரு பகுதியைக் கடலுக்குள் இழுத்திருக்கும் என்பது அவர் வாதம். ஒரு பகுதியைத்தான், முழுவதையும் அல்ல என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. திறந்த கடலில் நடந்த முதல் சோதனை 1993 அக்டோபரில், கலாபகோஸ் தீவுகளுக்கு அருகில். மார்ட்டின் அதைப் பார்க்கவில்லை, அந்த ஜூன் மாதமே காலமாகிவிட்டார்.

இனி இயற்கை எப்படிக் கொடுக்கிறது என்பதற்கு வருகிறேன். இதற்கு உலகத்திலேயே நல்ல உதாரணம் நம் வாசலிலிருந்து கிளம்பும் ஒரு கப்பல் போகிற இடத்தில் இருக்கிறது.

மரியோன் தியுஃப்ரேன் கப்பலை லெ போரில் பார்த்திருப்பீர்கள். 120 மீட்டர் நீளம். வருடத்தில் சில முறை குரோசே, கெர்கெலன், ஆம்ஸ்டர்டாம் தீவுகளுக்கு ஆளும் சாமானும் ஏற்றிக்கொண்டு போகும். அந்தத் தீவுகளை நிர்வகிக்கும் அலுவலகம்கூட நம் சேன் பியேரில்தான். கெர்கெலன் இங்கிருந்து தென்கிழக்கே சுமார் 3,400 கிலோமீட்டர். மரம் இல்லாத, காற்று ஓயாத தீவு. அதைச் சுற்றியுள்ள தென் கடல் பாசி இல்லாத நீல வெறுமை. ஆனால் ஒவ்வொரு வருடமும் அக்டோபர், நவம்பரில் தீவின் தென்கிழக்கே கடலடி மேட்டுக்கு மேல் சுமார் 45,000 சதுர கிலோமீட்டர் அளவுக்குப் பச்சைத் திட்டு விரியும். செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் யாரோ வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டுப் போன மாதிரி இருக்கும், ஓரம்கூடத் தெளிவாகத் தெரியும்.

2005 ஜனவரி, பிப்ரவரியில் ஸ்தெஃபான் பிளேன் தலைமையில் ஒரு குழு இதே கப்பலில் போய் அந்தத் திட்டை உள்ளும் புறமும் அளந்தது. கியோப்ஸ் என்று பெயர். 2011இல் வசந்த காலத்தில் மறுபடியும் போனார்கள். இரும்பு மேலேயிருந்து வரவில்லை, கீழேயிருந்து வருகிறது. அங்கே கடலடி மேடு சுமார் 500 மீட்டர் ஆழத்திலேயே இருக்கிறது. அந்தச் சேற்றுக்குள் ஆக்சிஜன் தீர்ந்துபோன இடங்களில் துரு மறுபடியும் கரையும் இரும்பாக மாறி, அடிநீருக்குக் கசிகிறது. தீவின் ஓடைகளும் பனியாறுகள் அரைத்த கல்மாவும் கொஞ்சம் சேர்க்கின்றன. அலை ஏற்ற இறக்கம் அந்த மேட்டில் மோதும்போது நீருக்குள்ளேயே ஆள் உயரமல்ல, பனைமர உயரங்களில் அலைகள் எழுந்து அடிநீரைக் கலக்கிவிடுகின்றன. குளிர்காலப் புயல் மிச்சத்தைக் கடைந்து மேலே கொண்டுவருகிறது. வசந்தத்தில் வெளிச்சம் வந்ததும் டயட்டம் எனும் கண்ணாடி ஓட்டுப் பாசி கொழிக்கிறது.

2007இல் வெளியான அவர்கள் முடிவில் எனக்குப் பிடித்த இடம் இதுதான்: கொடுத்த இரும்புக்கு, செத்து மூழ்கும் பாசியோடு எவ்வளவு கரி ஆழத்துக்குப் போனது என்று கணக்குப் போட்டால், மனிதர்கள் இரும்பு கொட்டிய சோதனைகளைவிடக் கெர்கெலனில் பத்து மடங்குக்கும் மேல். ஒரே நாளில் உரமூட்டையைக் கவிழ்ப்பதற்கும் சொட்டுநீர்ப் பாசனத்துக்கும் உள்ள வித்தியாசம். கொட்டிய இரும்பில் பெரும்பகுதி பாசி தொடுவதற்குள்ளேயே துருவாகிக் கீழே போய்விடுகிறது. இயற்கை கொஞ்சம் கொஞ்சமாக, மாதக் கணக்கில், மற்ற சத்துகளையும் கூடவே சேர்த்துக் கொடுக்கிறது. குரோசேயிலும் 2004-05இல் ஆங்கிலேயக் குழு ஒன்று அளந்து, இரும்பு கிடைக்கும் பக்கத்தில் ஆழத்துக்குப் போகும் கரி, கிடைக்காத பக்கத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு என்று கண்டது.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாலைவனத் தூசி: ஆண்டுக்குச் சுமார் 45 கோடி டன் கடலில் விழுகிறது, அதில் சஹாராவுக்குத்தான் பெரும் பங்கு. தூசியில் உள்ள இரும்பில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் சட்டெனக் கரையும். மேகத்திலும் புகையிலும் உள்ள அமிலம் பட்டு வந்தால் கூடும், மறுபடியும் புளி வேலை. கடலடி வெந்நீர் ஊற்றுகள்: கிழக்குப் பசிபிக்கில் அப்படிப்பட்ட இரும்பு சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில் 4,000 கிலோமீட்டர் தாண்டியும் போயிருப்பதை 2015இல் காட்டினார்கள். துரு என்றால் உடனே மூழ்கும் என்று நானே வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன், அதைத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. பனிப்பாறைகள்: அண்டார்டிகாவிலிருந்து உடைந்து மிதக்கும் மலை போன்ற கட்டிகள் கரையக் கரைய, பின்னால் பச்சைத் தடம் விடுகின்றன.

இப்போது உங்கள் எரிமலை. பித்தோன் தெ லா ஃபுர்னேசின் பசால்ட் பாறையில் நூற்றுக்கு எட்டு, ஒன்பது பங்கு இரும்பு. 2007 ஏப்ரலில் திரம்ப்ளே பக்கம் குழம்பு கடலில் இறங்கியபோது கரையிலிருந்தே வெள்ளை ஆவி தெரிந்தது. மேலே தொலொமியு பள்ளம் 300 மீட்டர்போல உள்ளே இடிந்து விழுந்தது. ஆழ்கடல் மீன்கள் செத்து மிதந்தன. ஆனால் அந்த இரும்பு எங்கே போயிற்று? குழம்பு நீரைத் தொட்ட கணத்தில் கண்ணாடியாக உறைந்துவிடுகிறது. இரும்பு அந்தக் கண்ணாடிக்குள் சிறைப்பட்டு, எத்தான் சாலே மணலைப் போலக் கரையில் கிடக்கிறது. காந்தத்துக்குத் தெரியும், பாசிக்குத் தெரியாது.

இன்னொன்று, இதுதான் பலரும் விட்டுவிடும் இடம். நம் கடலில் முதல் பற்றாக்குறை இரும்பு அல்ல. இது வெதுவெதுப்பான வெப்பமண்டலக் கடல். மேல்நீர் எண்ணெய் மாதிரி மேலேயே மிதக்கும், கீழேயுள்ள குளிர்ந்த சத்துநீர் ஏறிவர முடியாது. அதனால் நைட்ரேட்டே இல்லை. சோறே இல்லாத இலையில் உப்பை வைத்து என்ன பயன்? ஹவாயில் 2018இல் கிலவேயா எரிமலைக் குழம்பு கடலில் விழுந்தபோது உண்மையிலேயே பாசி பொங்கியது. இரும்பு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அளந்து பார்த்தால் நைட்ரேட். குழம்பில் நைட்ரஜன் கிடையாது. ஆழத்துக்கு இறங்கிய சூடு அடிநீரைச் சூடாக்க, அது தன் நைட்ரேட்டோடு மேலே ஏறிவந்திருக்கிறது. மாறாக, 2008 ஆகஸ்டில் அலாஸ்கா பக்கம் கசடோச்சி எரிமலை வெடித்துத் தூவிய சாம்பல், நைட்ரேட் இருந்தும் இரும்பில்லாத வட பசிபிக்கில் விழுந்தது. அங்கே பாசி பெரிதாக வளர்ந்தது. சாம்பல் மாவு போன்றது, மேலே அமில உப்புகள் பூசியிருக்கும், நீர் பட்டதும் இரும்பை விட்டுவிடும். எரிமலை எது என்பதைவிட எந்தக் கடலில் விழுகிறது என்பதே முக்கியம்.

நம் பக்கத்திலேயே ஒரு விதிவிலக்கு. 2019 நவம்பர் முதல் 2020 தொடக்கம் வரை மடகாஸ்கரின் தென்கிழக்கே, வழக்கமான பருவத்துக்கு முன்னாலேயே, செயற்கைக்கோள் பதிவுகளில் அதுவரை காணாத அளவுக்குப் பாசி விரிந்தது. வறட்சியில் காய்ந்த ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதியிலிருந்து பறந்துவந்த தூசியோடு அதை 2024இல் ஓர் ஆய்வு இணைத்தது. நைட்ரேட் இல்லாத நீரிலும் காற்றின் நைட்ரஜனையே பிடித்துச் சமைத்துக்கொள்ளும் நுண்ணுயிர்கள் உண்டு. அந்தச் சமையலுக்கு இரும்பு மிக அதிகம் தேவை. ஆக நம் கடலிலும் இரும்புக்கு வேலை உண்டு, சுற்றுவழியில்.

நாமே கொட்டினால் என்ன என்றீர்கள். கொட்டிப் பார்த்துவிட்டார்கள். அதில் ஒன்று நம்மவர்களுடையது. 2009 ஜனவரியில் கேப் டவுனிலிருந்து இந்திய, ஜெர்மன் குழு, கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனமும் சேர்ந்து, போலார்ஸ்டெர்ன் கப்பலில் போனது. பெயர் லோஹாஃபெக்ஸ், லோஹா என்றால் இந்தியில் இரும்பு. 300 சதுர கிலோமீட்டர் திட்டில் இரும்பு சல்பேட்டைக் கரைத்துவிட்டார்கள். பாசி வளர்ந்தது. ஆனால் அந்த நீரில் கண்ணாடி ஓடு கட்டத் தேவையான சிலிக்கா இல்லை, ஆகவே கனமான ஓடுள்ள டயட்டம் வளரவில்லை. வளர்ந்த மெல்லிய பாசியைக் கோபிபாட் எனும் இறால் போன்ற சின்ன உயிரினம் மேய்ந்து தீர்த்தது. ஆழத்துக்குப் போன கரி சொற்பம். தோல்வி என்று பத்திரிகைகள் எழுதின. எனக்கு அப்படித் தோன்றவில்லை, நல்ல கேள்விக்கு நேர்மையான பதில் கிடைத்தது. 2008இலேயே, கடலில் கழிவு கொட்டுவதைக் கட்டுப்படுத்தும் லண்டன் ஒப்பந்த நாடுகள் ஆராய்ச்சி தவிர வேறெதற்கும் கடலில் இப்படி உரமிட வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டன. சரியான முடிவு என்பது என் எண்ணம். தெற்கே பாசி நைட்ரேட்டை உண்டு தீர்த்துவிட்டால், அந்த நீர் வடக்கே வந்து மேலெழும் இடத்து மீனுக்கு என்ன மிஞ்சும் என்று கணக்குப் பார்க்காமல் கொட்டக்கூடாது.

கடைசியாக ஒன்று விட்டுப்போயிற்று, திமிங்கலம். தென் கடலில் கிரில் எனும் இறால் போன்ற சிற்றுயிரைத் தின்று அது கழிக்கும் மலத்தில் கடல்நீரைப் போலச் சுமார் ஒரு கோடி மடங்கு இரும்பு. ஆழத்தில் தின்றாலும் கழிப்பது மேல்மட்டத்தில், செந்நிறமாக, மிதக்கும்படியாக. மூழ்கப்போன இரும்பை மறுபடியும் வெளிச்சத்துக்குக் கொண்டுவரும் வண்டி அது. இருபதாம் நூற்றாண்டில் தென் பாதியில் மட்டும் இருபது லட்சம் வண்டிகளை வேட்டையாடிவிட்டோம். ஜூன் பிறந்ததும் கூன்முதுகுத் திமிங்கலங்கள் குட்டி போட நம் கரைக்கு வரும், சேன் போல் பக்கம் காப் லா ஊசேயில் நின்றாலே வால் தெரியும். என் மகன் இப்போது அங்கே தன் மகளைக் கூட்டிக்கொண்டு போகிறான். "தாத்தா, அது நம்ம கடலுக்கும் உரம் போடுமா?" என்றாள் போன முறை. இல்லை கண்ணு, இங்கே இருக்கும்வரை அது பட்டினி. சாப்பாடும் மற்றதும் எல்லாம் தெற்கே போய்த்தான்.